வேர்ச்சட்டை

கடைசி வரிசைக் குழாயில் மட்டும் தண்ணீர் ஓடும் சத்தம் யாரோ ஈரத்துணியைப் பிழிவதுபோலக் கேட்டது. மண்ணே இல்லாமல், உரம் கரைத்த தண்ணீரிலேயே கீரை வளரும் கூடாரம் அது. ஊதா விளக்குகளின் கீழே, உரநெடி மூக்கில் ஏற, அவன் ஈரக் கையைக் காற்றில் உலர்த்திக்கொண்டு நின்றான்.

“துண்டு கிடக்குல்ல? அதென்னடா, கைய ஆட்டிக்கிட்டு நிக்கிற?” என்றாள் அக்கா. அவள் புருஷன், அவனுடைய மாமா, உரத்தொட்டியில் செத்தபின் அவர் வேலை அவளுக்கு வந்திருந்தது. “அந்த மனுஷன் சோம்பேறிதான். ஆனா பயந்தாங்கொள்ளி. ஸ்விட்சுல சட்டைய மாட்டாமலா தொட்டிக்குள்ள இறங்குவாரு?”

“மறந்திருப்பாருக்கா.”

உரத்தொட்டியைக் கழுவ இறங்குகிறவர் தன் சட்டையைக் கழற்றி மோட்டார் ஸ்விட்சில் மாட்டிவிட்டு இறங்குவார். சட்டை தொங்கினால் ஸ்விட்சை யாரும் தொடக்கூடாது. மாமாவின் சட்டை அன்று தொங்கத்தான் செய்தது. கீரை வாடுகிற அவசரத்தில் ஓடிவந்தவன், யாரோ மறந்துவிட்டுப்போன சட்டை என்று நினைத்து, அதிலேயே கைப்பிசுக்கைத் துடைத்துக்கொண்டு ஸ்விட்சைப் போட்டான். உள்ளே கலக்கும் இறக்கைகள் சுழன்றன. ஒரே ஒரு கத்தல். பிறகு குப்பைப் பீப்பாயில் சட்டையை எரித்தான். பொத்தான்கள் உருகும்வரை நின்று பார்த்தான். அவர் சட்டையே மாட்டவில்லை என்று எல்லோரிடமும் சொன்னான். அக்காவிடமும்.

“டேய், குழாய் அடைச்சிருக்கு. வந்து பாரு.”

அக்கா செடியைப் பிடித்து இழுத்தாள். வேர் வந்தது. வந்துகொண்டே இருந்தது. வெள்ளையாக, நெய்ததுபோல. முதலில் ஒரு கை. பிறகு கழுத்துப்பட்டி. பிறகு பை. நெஞ்சுப்பக்கம், பழுப்பாக, விரல்கள் துடைத்த தடம்.

அக்கா தடத்தைப் பார்த்தாள். அவன் கைகளைப் பார்த்தாள். அந்த வேர்ச்சட்டையை எடுத்துப்போய் ஸ்விட்சில் மாட்டினாள்.

“தொட்டி கழுவணும். இறங்கு.”

“அக்கா...”

“சட்டைதான் மாட்டிட்டேனே. அப்புறம் என்னடா பயம்?”

மறுத்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும். இறங்கினான். முழங்கால்வரை தண்ணீர். இரும்பு இறக்கை தொடையில் இடித்தது. மேலே, வட்ட வாயில், அக்காவின் முகம் தெரிந்தது. பிறகு தெரியவில்லை. செருப்புச் சத்தம் தூரப் போனது.

“அக்கா!”

சொட்டு. சொட்டு.

விளிம்பைப் பிடித்து எக்கிப் பார்த்தான். ஸ்விட்சின் முன்னால் அந்தச் சட்டை. தொங்கவில்லை. நின்றது. ஈரக் கையைத் தன் நெஞ்சிலேயே துடைத்துக்கொண்டு, மெதுவாக, ஸ்விட்சை நோக்கி நீட்டியது.