கூடுதலாக ஒரு டிஸ்க்

ஞாயிற்றுக்கிழமை காலைப் பந்தயத்துக்குச் சரியாக நாற்பத்தொரு மணி நேரம் இருக்கும்போது லட்சுமணசாமியின் அலுவலகப் படியேறி வந்தார் கிருபாசங்கர். சிங்காநல்லூரில் பம்பு செய்யும் தொழிற்சாலை அவருடையது. அதன் பின்கொட்டகையில் ஒரு பந்தய மோட்டார் சைக்கிளும் வைத்திருந்தார்.

"ஏனுங்க, பூட்டின கொட்டாய்க்குள்ள ராத்திரி எவனோ பூந்துட்டானுங்க."

"என்ன போச்சுங்க?"

"ஒண்ணும் போகலீங்க. சேர்த்துட்டுப் போயிருக்கான்."

விபத்தில் நொறுங்கிய வண்டிகளை ஆராய்ந்து இன்சூரன்சுக்கு அறிக்கை தருவது லட்சுமணசாமியின் தொழில். இப்படி ஒரு புகார் அவரிடம் வந்ததில்லை. இயற்பியல் முடித்துவிட்டு அவரிடம் வேலைக்குச் சேர்ந்திருந்த புவனா, அதற்குள் டார்ச்சை எடுத்துப் பையில் போட்டுவிட்டாள்.

கொட்டகையில் வண்டியின் முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் பிரேக் டிஸ்க் மின்னியது.

"ஒத்தை டிஸ்க் போதும்னு ஆரம்பத்துலயே எல்லாரும் பேசி முடிச்சதுங்க," என்றார் கிருபாசங்கர். "சின்ன வண்டி. ரெண்டு போட்டா முன்சக்கரம் கனத்துப்போகும், வளைவுல சட்டுனு திரும்பாது. அதைச் சத்தமாச் சொன்னதே ஓட்டப்போற ஆஸிம்தான். தைரியசாலிங்க. ரெண்டு மாசம் முன்ன விழுந்தப்பக்கூட அடுத்த நாளே வண்டிகிட்ட வந்து நின்னான். இப்பப் பாருங்க, அலமாரியில சும்மா கிடந்த இன்னொரு டிஸ்க்கை எவனோ மாட்டியிருக்கான். பிரேக் லீவரைப் பிடிச்சா ஹேண்டில் வரைக்கும் போகுது. கெடுத்துப்போட்டானுங்க!"

"சாவி?"

"ஒண்ணு எங்கிட்ட, ஒண்ணு ரசாக் பாய்கிட்ட. இன்னைக்குப் பதில் தெரியலீன்னா பாயை நாளையிலிருந்து வர வேண்டாம்னு சொல்லிப்போடுவேன்."

மெக்கானிக் ரசாக் தலை குனிந்து நின்றார். அவருடைய தங்கை மகன் ஆஸிம், மாமா வீட்டிலேயே வளர்ந்தவன், தூணில் சாய்ந்திருந்தான். வலது கை பேண்ட் பைக்குள் இருந்தது.

"மாமா செய்யமாட்டாருங்க," என்றான்.

டீ வந்தது. ஆஸிம் இடது கையை நீட்டி டம்ளரை வாங்கிக் குடித்தான். தன் வீட்டில் இப்படி வாங்கினால் முதுகில் ஒன்று விழும் என்று புவனா நினைத்துக்கொண்டாள். ரசாக் அவனைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டார்.

லட்சுமணசாமி சக்கரத்தருகே தரையில் படுத்திருந்தார். "அம்மணி, வேலை எப்படி இருக்குது?"

புவனா டார்ச் அடித்தாள். "ரொம்பச் சுத்தமுங்க சார். எங்கயும் எண்ணெய் கசியல, குழாய்ல காத்து இல்ல. கெடுக்க வந்தவன் இவ்வளவு பொறுமையா மாட்டமாட்டான்."

"அப்ப லீவர் ஏன் உள்ள போகுது?" என்று கேட்டார் லட்சுமணசாமி.

"லீவர்கிட்ட இருக்கிற அதே குட்டி பம்புதான் இப்ப ரெண்டு பக்கமும் எண்ணெய் தள்ளணும். கூடுதல் தூரம் போய்த்தானே ஆகணும்?"

"அதுல என்ன லாபம்?"

"அதே பிடிக்கு ரெண்டு மடங்கு பிரேக் கிடைக்கும். இல்லீன்னா..." புவனா சற்று நிறுத்தினாள். "பாதி பலத்துல பிடிச்சாலே போதும்."

"நல்லதுதானுங்களே!" என்றார் கிருபாசங்கர். "அதை எதுக்குத் திருட்டுத்தனமாச் செய்யணும்?"

"வாயைத் திறந்து கேட்டா, ஏன்னு நீங்க கேப்பீங்கல்ல?" என்றார் லட்சுமணசாமி.

பந்தய வண்டியில் போல்ட் கழன்றுவிடாமல் இருக்க அதன் தலையில் மெல்லிய கம்பியைக் கோத்து முறுக்கிக் கட்டுவார்கள். லட்சுமணசாமி இரண்டு பக்கத்தையும் மாறி மாறிக் காட்டினார். பழைய பக்கத்தில் கம்பி வலமாக முறுக்கியிருந்தது. புதிய பக்கத்தில் இடமாக.

ரசாக் குனிந்து அதைப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. "நாந்தானுங்க மாட்டினேன்."

"அப்படீங்களா? இந்தாங்க பாய்." லட்சுமணசாமி குறடும் ஒரு துண்டுக் கம்பியும் கொடுத்தார். ரசாக் முறுக்கினார். கம்பி வலமாகவே சுற்றியது.

"உங்க கை தானா இப்படித்தான் போகுது. இடது கையில குறடு பிடிச்சவன்தான் அந்தப் பக்கத்தைக் கட்டியிருக்கான்."

"எங்ககிட்ட இடக்கைக்காரன் யாருமில்லீங்களே?" என்றார் கிருபாசங்கர்.

"ரெண்டு மாசம் முன்ன வரைக்கும் இல்லாம இருந்திருக்கலாமுங்க." லட்சுமணசாமி கையைத் துடைத்துக்கொண்டார். "பாய், ராத்திரி சாவி உங்க வீட்டுல சுவத்து ஆணியிலதான தொங்கும்? அந்த வீட்டுல இடது கையால டீ குடிச்சா விடுவீங்களா?"

எல்லோரும் ஆஸிமைப் பார்த்தார்கள். டம்ளர் இன்னும் அவனுடைய இடது கையில் இருந்தது.

"கண்ணு," என்றார் லட்சுமணசாமி, "உங்க மாமாவுக்கு வேலை போகப்போகுது."

"டேய், பேசாம இரு. ஒரே ஒரு பந்தயம்..." என்றார் ரசாக்.

ஆஸிம் டம்ளரைக் கீழே வைத்தான். வலது கையைப் பையிலிருந்து எடுத்து, வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்தான்.

"அன்னைக்கு விழுந்ததுல இருந்து இந்த விரலுக்கெல்லாம் பழைய பலமும் இல்ல, உணர்வும் இல்லீங்கண்ணா. பிரேக்கைப் பிடிச்சிருக்கனான்னு கண்ணால பார்த்தாத்தான் எனக்கே தெரியுது."