கரண்ட் போனால் ஒரு மூடி

பொழுது சாய்கிற நேரத்தில் கரண்ட் மறுபடியும் போனது. மண்ணரைத் தெருவில் ஒருவரும் இருமவில்லை.

டாக்டரின் கிளினிக்கில், மருந்து கலக்கும் அறையில் ஒச்சாயி கையில் அளவுக் கிளாஸோடு அப்படியே நின்றாள். அந்தத் தெருவில் கரண்ட் போனால் எதற்குப் பின் எது நிற்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். எதிர் பனியன் யூனிட்டின் ஓவர்லாக் மெஷின்கள் மூச்சை இழுத்து அடங்கும், மாடியில் எவளோ ஒருத்தியின் மெஷின் மட்டும் ஓடிய வேகத்தில் இன்னும் இரண்டு தையல் போட்டுவிட்டு நிற்கும், அதற்கப்புறம் பெரிய கம்பெனிக்காரன் ஜெனரேட்டரைக் கிளப்புகிற வரைக்கும் தெருவுக்கு ஒரு சின்ன இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளியில்தான் ஊர் இருமும். பகல் முழுக்கப் பஞ்சுத் தூசியை முழுங்கிய நெஞ்சுகளும், லைன் வீடுகளில் வெட்டுத்துணிக் குவியல் மேலேயே தவழ்ந்து வளர்கிற பிள்ளைகளும், மெஷின் சத்தத்துக்குள் ஒளித்து வைத்திருந்த இருமலையெல்லாம் அப்போதுதான் வெளியே விடும். கதவுக்குக் கதவு, சந்துக்குச் சந்து, நாய்க் குரைப்பைப் போலத் தொற்றிக்கொண்டு போகும்.

இன்றைக்கு ஒன்றுமில்லை. வடிகட்டியிலிருந்து சிவப்பு மிக்சர் ஜாடிக்குள் சொட்டுகிற சத்தம் கேட்டது. இத்தனை நாளில் அந்தச் சத்தம் அவள் காதில் விழுந்ததே கிடையாது.

பிறகு ஜெனரேட்டர் உறுமி எல்லாவற்றையும் மூடிக்கொண்டது.

மருந்து பிடித்திருக்கிறது என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். தீபாவளிக்கு அப்புறம் டாக்டர் பழைய மருந்தை விட்டுவிட்டு இந்தப் புது மிக்சரை எழுத ஆரம்பித்தார், கலக்குவது ஒச்சாயி. இனிப்புப் பாகும் மருந்தும் சேர்ந்து கண்ணாடிக் கோலின் பின்னால் கனமாகச் சுழலும்போது ராஸ்பெரி வாசனையும் பெப்பர்மின்ட் காரமும் மூக்கில் ஏறும், அதற்கடியில் ஒரு மக்கிய கசப்பு, ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த பீரோவைத் திறந்தால் வருமே, அந்த மாதிரி. இருமலை அமுக்கும், தூங்க வைக்கும், சின்னப் பிள்ளைகளுக்குக் காலையில் ஒரு மூடி, சாயங்காலம் ஒரு மூடி, அதற்கு மேல் போகவே கூடாது என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். ஜனங்கள் கொண்டுவருகிற பாட்டிலில்தான் ஊற்றிக் கொடுப்பது. ஜூஸ் பாட்டில், தேங்காயெண்ணெய் பாட்டில், எத்தனை கழுவியும் வாடை போகாத குவார்ட்டர் பாட்டில்.

கரண்ட் வந்தது. ட்யூப்லைட் இரண்டு முறை கண்ணடித்து எரிந்தது. அவள் கிளாஸை உயர்த்தி அளவு பார்ப்பதற்குள் மறுபடி போனது.

மத்தியான மழையில் டிரான்ஸ்பார்மரில் ஏதோ கோளாறு. ஈ.பி. ஆட்கள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்கள், கரண்டும் அவர்களோடு சேர்ந்து வந்து வந்து போனது. டாக்டர் கோயமுத்தூரில் ஒரு கல்யாணம் என்று அப்போதே கிளம்பிவிட்டார். அவரைத் தேடி வந்து திரும்பியவர்கள் அவரைத் திட்டவில்லை, கரண்டைத்தான் திட்டிவிட்டுப் போனார்கள்.

இந்த முறை அவள் வாசலுக்கே வந்து நின்று காது கொடுத்தாள். ஈரத் தார் ரோட்டின் வாசனை, சாயத் தண்ணீர் ஓடுகிற ஓடையின் கந்தக நெடி. மாடி மெஷின் இரண்டு தையல் போட்டு நின்றது. எதிர்ச் சந்திலிருந்து ஒருத்தி தோளில் பிள்ளையைச் சாய்த்துக்கொண்டு போனாள். பிள்ளையின் கை அவள் முதுகுக்குப் பின்னால் தொங்கியது. அவள் நடந்த நடைக்கெல்லாம் அது ஆடியது, துணிக்கொடியில் காய்கிற சட்டைக் கை மாதிரி. தூங்குகிறது. நல்ல தூக்கம். ஒச்சாயி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அந்தப் பெண் முனை திரும்பி மறைகிற வரைக்கும்.

சபுரா பீவி வந்தது அப்போதுதான். காதர்பேட்டையில் பனியன் கடை வைத்திருக்கிறவரின் மனைவி, எப்போதும் சிரித்த முகம். முந்தின நாள்தான் அவளுடைய மகன் சாஹிலுக்கு ஒரு வாரத்துக்கு ஆகும்படி பாட்டில் நிறைய ஊற்றிக் கொடுத்திருந்தாள் ஒச்சாயி. அந்தப் பாட்டிலை சபுரா பீவி கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டு இல்லை.

உங்க வீட்டுக்காரரும் சேர்ந்து குடிச்சாராக்கா என்று ஒச்சாயி கேலி செய்தாள். அந்த மனுஷனுக்குக் கடையை விட்டு வர நேரமிருந்தால்தானே என்று சபுரா பீவியும் சிரித்தாள். ராவெல்லாம் குரைத்துக்கொண்டிருந்த பிள்ளை மத்தியானத்திலிருந்து சத்தமே இல்லையாம். பக்கத்து வீட்டுக்காரிகூட வந்து, என்ன மருந்து அது என்று கேட்டுவிட்டுப் போனாளாம்.

"நீங்க சொன்ன மாதிரியேதாங்க குடுத்தேன், காம்பவுண்டரம்மா."

"நான் என்னக்கா சொன்னேன்?"

"கரண்ட் போனா ஒரு மூடின்னீங்கல்ல? இன்னிக்கு மத்தியானம் புடிச்சு போறதும் வாரதுமாத்தான இருக்குது. ஒரு தடவகூட விடலீங்க."

சொன்னதுதான். எல்லாரிடமும் அப்படித்தான் சொன்னாள். ஷிப்டுக்குப் போகிற தாய்க்காரிகள் பிள்ளையை யாரிடமாவது விட்டுவிட்டுப் போகிறார்கள், பார்த்துக்கொள்கிறவர்களுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரிவதில்லை, தெரிந்தாலும் ஓடுகிற கடிகாரம் இருப்பதில்லை. ஆனால் அந்த வருஷம் பவர்கட் மட்டும் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, நேரம் தவறாமல் வந்தது. கரண்ட் போனால் ஒரு மூடி. டாக்டர்கூடக் கேட்டுவிட்டுச் சிரித்தார், உன் மூளை யாருக்கும் வராது என்றார்.

"எழுப்புனா எந்திரிக்கிறானாக்கா?"

சபுரா பீவி யோசித்தாள். "எதுக்குங்க எழுப்பறது? இப்பத்தான தூங்கறான்."

ஒச்சாயி அவள் இரண்டு தோளையும் பிடித்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறு, பெரியாஸ்பத்திரிக்குப் போ, இனி ஒரு சொட்டு கொடுக்காதே, காலிப் பாட்டிலையும் எடுத்துப் போய்க் காட்டு. திரும்பத் திரும்பச் சொன்னாள். சபுரா பீவியின் முகத்திலிருந்து சிரிப்பு போக நேரமானது. போனதும் ஓடினாள். ஒரு செருப்பு படியிலேயே கிடந்தது.

அந்தச் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் ஒச்சாயிக்குத் தன் மகள் ஞாபகம் வந்தது.

அபிராமி. மூன்று வயது முடியவில்லை.

அவளை லைன் வீட்டில் மயிலாத்தாளிடம் விட்டுவிட்டுத்தான் தினமும் வேலைக்கு வருகிறாள். மயிலாத்தாள் வீட்டிலேயே உட்கார்ந்து பனியனுக்குப் பிசிர் வெட்டுகிறவள், அந்த லைனின் பிள்ளைகள் அத்தனையும் அவளிடம்தான். எல்லாம் சேர்ந்து இருமுகின்றன என்று இரக்கப்பட்டுப் பெரிய கூல்டிரிங்க்ஸ் பாட்டில் ஒன்றில் ஒச்சாயியேதான் நிரப்பிக் கொடுத்திருந்தாள். மயிலாத்தாள் சொன்னதைத் தட்டமாட்டாள். எண்ணெய் தேய்க்கச் சொன்னால் தேய்ப்பாள், வெந்நீர் கொடுக்கச் சொன்னால் கொடுப்பாள். மறக்கவே மாட்டாள்.

கரண்ட் வந்தது.

மயிலாத்தாளிடம் போன் கிடையாது, லைன் வீட்டுச் சொந்தக்காரர் நம்பருக்குப் போட்டாள். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. ஷட்டரை இழுக்காமல், விளக்கை அணைக்காமல் ரோட்டில் இறங்கினாள்.

தெரு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. போகாதே, என்றாள் அவற்றைப் பார்த்து. ஓட்டத்தில் புடவை காலில் சுற்றியது, அள்ளிச் செருகிக்கொண்டாள். யூனிட் ஜன்னல்களில் மெஷின்கள் இரைந்துகொண்டிருந்தன, அந்த இரைச்சல் இத்தனை நாள் தலைவலி, இப்போது அது நிற்காமலிருந்தால் போதும் என்றிருந்தது. ஊர்க் குலசாமியைக் கூப்பிடத் தோன்றவில்லை. டிரான்ஸ்பார்மரைத்தான் கும்பிட்டாள். கம்பத்தின் மேல் ஒரு ஆள் இடுப்பில் கயிறு கட்டித் தொங்கிக்கொண்டிருந்தான். அண்ணே, தொடாதீங்க, ஒண்ணும் தொடாதீங்க, என்று கீழேயிருந்து கத்தினாள். அவன் குனிந்து பார்த்து, இந்தா முடிஞ்சுதுங்க, என்றான்.

அவன் கை அசைந்தது.

இருட்டு.

மெஷின்கள் அடங்கின. அந்தச் சின்ன இடைவெளி விழுந்தது. லைன் வீட்டுச் சந்தின் வாயில் நின்றிருந்தாள் ஒச்சாயி. இருமல் இல்லை. அழுகை இல்லை. வேறொன்று கேட்டது. முதலில் வலது பக்கத்து வீட்டில். கிர்ர் என்று, மெல்ல. பிறகு இடது பக்கம். பிறகு அதற்கடுத்த கதவு. சந்தின் கடைசிவரை, ஒன்றன்பின் ஒன்றாக, இருட்டுக்குள் பாட்டில் மூடிகளைத் திருகித் திறக்கிற சத்தம்.

"குடுக்காதீங்க!"

ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது. பெரிய கம்பெனியின் மதிலும் லைன் வீட்டின் பின்சுவரும் ஒன்று. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. தட்டினாள். முதல் கதவு. இரண்டாம் கதவு. தகரம் அதிர்ந்தது கைக்குத்தான் தெரிந்தது. யாரோ எட்டிப் பார்த்து வாயசைத்தார்கள், கையில் மூடி. அதைத் தட்டிவிட்டாள். ஓடினாள். ராஸ்பெரி வாசனை. சந்து முழுக்க அந்த வாசனை. இனிப்பாக. அடியில் கசப்பாக.

மயிலாத்தாள் வீடு. கதவு திறந்தே இருந்தது.

உள்ளே ஒரு சிமினி விளக்கு. வெட்டுத்துணிக் குவியலைப் பரப்பி மெத்தை மாதிரி போட்டு, அதன்மேல் பிள்ளைகளை வரிசையாகப் படுக்க வைத்திருந்தாள். எல்லாம் மல்லாக்க. ஒன்றின்மேல் ஒன்று காலைப் போடாமல், புரளாமல், ஒழுங்காக. மயிலாத்தாள் முதுகைக் காட்டிக் குனிந்திருந்தாள். ஒரு கையில் பாட்டில், ஒரு கையில் மூடி. வரிசையின் கடைசியில் ஒரு சின்ன மோவாயை இரண்டு விரலால் பிடித்துத் திறந்து, சிந்தாமல், பொறுமையாக ஊற்றிக்கொண்டிருந்தாள்.

ஒச்சாயி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

மயிலாத்தாள் திடுக்கிட்டுத் திரும்பினாள். ஆளைத் தெரிந்ததும் முகம் மலர்ந்தது. ஜெனரேட்டர் சத்தத்தில் கேட்காது என்று ஒச்சாயியின் காதோடு வாயை வைத்துச் சொன்னாள்.

"நீ ஏம்மணி ஓடியார? நான் ஒருக்காகூட மறக்கல. உம்புள்ளைக்குத்தான் கடைசியா ஊத்துனேன். சமத்தா வாய ஆ காட்டிட்டா."

ஒச்சாயி குனிந்தாள். விளக்கின் புகையில் ஒன்றும் தெரியவில்லை. அபி, என்றாள். அபிம்மா. கன்னத்தைத் தொட்டாள். கை பிசுபிசுத்தது.

கரண்ட் வந்தது.

ட்யூப்லைட் கண்ணடித்தது. அணைந்தது. கண்ணடித்தது. எரிந்தது.

வரிசையாக வாய்கள். எல்லாம் திறந்திருந்தன. எல்லாம் விளிம்புவரை நிறைந்திருந்தன, சிவப்பாக, தளும்பாமல். ஊற்றியது ஊற்றியபடி நின்றது. ஒவ்வொரு வாயிலும் ட்யூப்லைட் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடாக விழுந்திருந்தது. அபியின் வாயிலும். கோடு நேராக இருந்தது. ஒச்சாயி அதையே பார்த்தாள். கொஞ்சம் வளைந்தால் போதும். ஒரு மூச்சுக்கு, ஒரே ஒரு மூச்சுக்கு, கொஞ்சம் கலைந்தால் போதும்.

கோடு நேராகவே இருந்தது.