ஒரு ஆள் பாரம்

காலை வைத்ததும் படகு சாய்ந்திருக்க வேண்டும். சாயவில்லை.

எழுபத்திரண்டு கிலோ எடையுள்ள ஆள் ஒரு சின்னப் படகின் வலது ஓரத்தில் ஏறினால் அந்தப் பக்கம் நான்கு விரலாவது தாழும். இடது பக்கம் எழும்பும். தரையில் மறந்து வைத்த ஸ்பானர் உருண்டு வந்து கணுக்காலில் இடிக்கும். அன்று மாலை மாஸ்டர் ஏறி, ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்து விட்ட பிறகும் ஸ்பானர் இருந்த இடத்திலேயே கிடந்தது. அவர் ஏறிய அதே நொடியில் இடது பக்கமும் யாரோ ஏறி உட்கார்ந்துகொண்டது போல, படகு மட்டம் பிசகாமல் நின்றது.

"என்ன மாஸ்டர், போட்டோ எடுக்க உக்காந்த மாதிரி உக்காந்துட்டீங்க? எஞ்சினைப் போடுங்க" என்றார் படகுத்துறையில் குந்தியிருந்த மெக்கானிக்.

மாஸ்டர் என்றால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். முப்பது வருடங்களாக மற்றவர்கள் ஓட்டும் காரில் இடது சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் தனியாகப் பொருத்திய பிரேக்கின் மேல் பாதத்தை வைத்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்று சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டிப்போனவர். தூக்கத்திலும் அந்த வலது கால் எதையோ அழுத்தும் என்று அவர் மனைவி சிரிப்பாள். அவளே ஒரு காலத்தில் அவரிடம் கார் பழக வந்தவள்தான். பழகி முடிக்கவில்லை, கல்யாணம் முடிந்துவிட்டது.

அவள் போய் ஏழு மாதம் ஆகிறது.

படகு வாங்கி ஆறு வாரம். சிவப்புப் படகு, பதினெட்டு அடி, இரண்டு பேரிடம் கை மாறி வந்தது. எண்பத்தைந்து கிலோமீட்டர் வேகம் கண்ணை மூடிக்கொண்டு போகும் என்று விற்றவன் சொன்னான். முதல் நாள் எழுபத்திரண்டுக்கு மேல் முள் நகரவில்லை. அடிப்பாகத்தில் வழவழவென்று படிந்திருந்த பாசியைச் சுரண்டி, ஈர உப்புத்தாளால் தேய்த்தார்கள். எஞ்சின் மூச்சு வாங்காமல் சுற்றும்படி தகட்டு முறுக்கு கொஞ்சம் குறைவான புரொப்பெல்லரை மாட்டினார்கள். பின்பலகையில் எஞ்சினை ஒரு துளை மேலே ஏற்றி மாட்டினார்கள். படகின் மூக்கைத் தூக்கி ஓட்டிப் பார்த்தார்கள், தாழ்த்தி ஓட்டிப் பார்த்தார்கள். கண்ணாடி மாதிரி அசையாத தண்ணீர் படகை ஒட்டிப் பிடிக்கும், லேசான அலை இருந்தால்தான் விடும் என்று மெக்கானிக் சொன்னதால், மாலைக் காற்று எழும் நேரமாகப் பார்த்து இறங்கினார்கள். இத்தனைக்கும் கூடியது இரண்டே கிலோமீட்டர். எழுபத்து நான்கு.

"ஊரையே மெதுவா போ மெதுவா போன்னு அதட்டுன ஆளு, இப்ப வேகம் பத்தலைன்னு என் உயிரை எடுக்குறீங்க. காலம் கெட்டுப்போச்சு மாஸ்டர்!"

மாஸ்டர் சிரிக்கவில்லை. அவருக்கு ஒன்பது நிமிடம் வேண்டும்.

ஏரியின் இக்கரையில் வீடு. அக்கரையில் ஆஸ்பத்திரி. நடுவில் பன்னிரண்டு கிலோமீட்டர் தண்ணீர். சாலையில் சுற்றிப் போனால் ஒரு மணி நேரத்துக்கு மேல். மனைவிக்கு மூச்சிழுப்பு அதிகமான அந்த மாலையில் வாடகைப் படகு பிடித்துப் போனார். பத்தொன்பது நிமிடம் ஆனது. "ஒரு பத்து நிமிஷம் முன்னாடி வந்திருக்கலாம்" என்றார் டாக்டர், கையுறையைக் கழற்றிக்கொண்டே. அது எல்லோருக்கும் தெரியும். மகளுக்குத் தெரியும், மெக்கானிக்குக்குத் தெரியும்.

யாருக்கும் தெரியாதது ஒன்று இருந்தது. அன்று படகு அலையில் தூக்கிப் போட்ட ஒவ்வொரு முறையும் அவள் அவருடைய இடது கையை இறுக்கிப் பிடித்தாள். அந்தப் பிடியைத் தாங்க முடியாமல், பழக்கதோஷத்தில், அவர்தான் படகுக்காரரிடம் சொன்னார்: "மெதுவா போப்பா. மெதுவா."

அந்தப் பத்து நிமிடம் அவருடையது.

எழுபத்து நான்குக்கு மேல் போகவிடாத பாரம் எங்கே என்று தேடத் தொடங்கினார்கள். பின் இருக்கைகளைக் கழற்றினார்கள். நங்கூரம், கயிறு, துடுப்பு, மிதவைச் சட்டைகள், மழை மறைப்பு எல்லாம் கரைக்கு வந்தன. "இதுவும் பாரம்தான்" என்று சொல்லிச் சொல்லி மாஸ்டர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். டேங்கில் அக்கரைக்குப் போக மட்டும் பெட்ரோல்; திரும்பி வருவதற்கான கேன் ஆஸ்பத்திரித் துறைக் காவலாளியிடம். கைபேசியைக்கூட வீட்டில் வைத்துவிட்டு வந்தார். இடது முன் இருக்கையை மட்டும் கழற்றவில்லை. ஸ்பானரை எடுத்துக்கொண்டு இரண்டு முறை அதன் அருகே போனார். இரண்டு முறையும் திரும்பி வந்தார்.

எழுபத்து நான்கு.

"தள்ளுங்க, நான் பார்க்கறேன்" என்று ஒரு நாள் மெக்கானிக் தனியாக ஏறினார். அவருக்கும் மாஸ்டருக்கும் எடையில் ஒரு கிலோ வித்தியாசம் இருந்தால் அதிகம். அவர் ஏறியதும் படகு வலது பக்கம் சட்டென்று சாய்ந்தது. ஸ்பானர் உருண்டது. போய்த் திரும்பி வந்து, தலைமுடி கலைந்து, குழந்தை மாதிரி சிரித்தார்.

"எண்பத்தாறு! பறக்குது மாஸ்டர்! இப்ப நீங்க போங்க."

மாஸ்டர் போனார். எழுபத்து நான்கு.

"சாப்பாட்டுல கல்லையா போட்டுத் தின்னுறீங்க? நீங்க ஏறுனா மட்டும் ஒரு ஆள் பாரம் கூடுதே" என்று சொன்ன மெக்கானிக், ஏனோ பாதியிலேயே சிரிப்பை நிறுத்திக்கொண்டார். படகின் பக்கவாட்டில் தண்ணீர் வழக்கத்தைவிட மேலே நனைத்திருந்த கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கருவிகளைப் பெட்டியில் போடத் தொடங்கினார்.

"என்னாச்சு? இன்னும் வெளிச்சம் இருக்கே."

"இல்ல மாஸ்டர், நான் கிளம்பறேன்." பெட்டியை மூடினார். அப்புறம், நிமிர்ந்து பார்க்காமலே: "நீங்க திரும்பி வர்றப்போ வெயில் என் கண்ணுல அடிச்சுது. அதனாலதான் இருக்கும். யாரோ பக்கத்துல உக்காந்திருந்த மாதிரி தெரிஞ்சுது. தலை இப்படி உங்க தோள் மேல…"

முடிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் வரவும் இல்லை.

அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அம்மா போனதிலிருந்து அவள் வேலையை உள்ளூருக்கு மாற்றிக்கொண்டு அப்பாவோடு இருந்தாள்.

"அம்மா நெஞ்சுல தடவிக்கற தைலத்தை எடுத்தீங்களா?"

"இல்லையே."

"வாசம் வருது." அருகில் வந்து அவருடைய சட்டையை முகர்ந்தாள். இடது தோளில் நீள்வட்டமாக ஓர் ஈரம். ஒரு தலை சாய்ந்திருந்த அளவுக்கு. விரலால் தொட்டுப் பார்த்தாள். அவள் முகம் வெளிறியது. "அப்பா. போதும்ப்பா. அந்தப் படகை வித்துடுங்க."

"இன்னும் ஒரே ஒரு நிமிஷம்தாம்மா குறையணும்."

"ஒன்பது நிமிஷத்துல போய்ச் சேர்ந்துட்டா மட்டும்? அங்க யாரைக் கொண்டுபோய் விடப்போறீங்க?" அழுகையை அடக்கிக்கொண்டு கையிலிருந்த தோசைக் கரண்டியைக் கழுவுதொட்டியில் எறிந்தாள். "நான் ஒருத்தி இங்க உயிரோட இருக்கேன். அது நினைப்பிருக்கா?"

இருந்தது. அதனால்தான் அவருக்குப் பயமாகவும் இருந்தது. அன்று இரவு படுக்கையில் தன் வலது கால் விரல்கள் மெத்தையை அழுத்திக்கொண்டிருப்பதை உணர்ந்தபோது, கல்யாணமான புதிதில் வைத்திருந்த பழைய ஸ்கூட்டர் ஞாபகம் வந்தது. தண்ணீர்த் தொட்டி மேட்டில் இரண்டு பேரோடு அது ஏறாது. திணறும், புகை கக்கும். பாதி மேட்டில் அவள் சட்டென்று குதித்துவிடுவாள். "நான் இறங்கிக்கறேன். நீங்க போங்க, நின்னா வண்டி அணைஞ்சுடும்." அவர் திரும்பிப் பார்ப்பார். நடுச்சாலையில் நின்றுகொண்டு, மூச்சு வாங்க, புறங்கையால் காற்றைத் தள்ளுவாள். போங்க, போங்க.

மறுநாள் மாலை தனியாகவே துறைக்குப் போனார். துறை விளக்கின் கீழே அவருக்கு முன்பே மகள் வந்து நின்றிருந்தாள்.

"இன்னிக்கு ஒரு தடவை. அதோட முடிச்சுக்கறேன்" என்றார்.

"சத்தியமா?"

"சத்தியமா."

ஏறினார். படகு சாயவில்லை.

இப்போது அவர் இடது பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை. எஞ்சின் மெதுவாக உறுமிக்கொண்டிருந்தபோதே அதற்கு அடியில் இன்னொரு சத்தம், மெல்லியதாக, நீளமாக, துளையிட்ட குழாயில் காற்று புகுவது போல இழுத்து இழுத்து வந்தது; காற்றுக் குழாய் கசிகிறது என்று ஆறு வாரமாகத் தன்னிடமே சொல்லிக்கொண்டிருந்தார். தைலத்தின் காரம் மூக்கைத் தொட்டது. "இந்தத் தடவை நேரத்துக்குப் போயிடுவோம்" என்றார், தன் காதுக்கே கேட்காத அளவுக்கு மெதுவாக. "குலுங்கும். பொறுத்துக்கோ."

வேகக் கைப்பிடியை முழுதும் தள்ளினார்.

மூக்கைத் தூக்கிக்கொண்டு படகு தண்ணீரின் மேல் ஏறிக்கொண்டது. ஐம்பது. அறுபத்தைந்து. எழுபத்து நான்கு. அங்கேயே நின்றது முள். அலை தூக்கிப் போட்டது. இடது முன்கையில் ஐந்து விரல்கள் இறுகின. குளிர்ந்த விரல்கள். மறுபடி தூக்கிப் போட்டது. மறுபடி இறுகின. நகம் பதிந்தது. மெதுவா என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினார். வலது கால் தானாக நீண்டு பலகையை அழுத்தியது. அங்கே எதுவும் இல்லை. படகுக்குப் பிரேக் கிடையாது.

மூன்றரை நிமிடம். நான்கு. இழுப்பு வேகமானது. எஞ்சினைவிடச் சத்தமாக. காதுக்குள்ளேயே.

"இதோ வந்துடுச்சு. இதோ."

எழுபத்து நான்கு. பத்து நிமிடம் ஆகும். மறுபடியும் ஒரு நிமிடம் தாமதம்.

அப்போது விரல்கள் தளர்ந்தன. ஒன்று. ஒன்றாக.

"நான் இறங்கிக்கறேன்."

படகு வலது பக்கம் சரிந்தது. ஸ்பானர் உருண்டு வந்து கணுக்காலில் இடித்தது. எஞ்சினின் குரல் உயர்ந்தது. எண்பது. எண்பத்து மூன்று. எண்பத்தாறு.

அவர் திரும்பினார். இடது இருக்கை காலி. இருக்கை நிறையத் தண்ணீர்.

பின்னால், படகு கிழித்துப்போட்ட வெள்ளை நுரையின் நடுவில், ஒரு தலை. தண்ணீருக்கு மேலே ஒரு கை. புறங்கை காற்றைத் தள்ளியது. போங்க. போங்க.

நிறுத்தியிருக்கலாம். கைப்பிடியை இழுத்தால் போதும். இழுக்கவில்லை. நின்றால் அணைந்துவிடும் என்று ஏதோ ஒன்று அவருக்குள் சொல்லிக்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரித் துறையின் சிவப்பு விளக்கு பெரிதாகிக்கொண்டே வந்து, முகத்துக்கு நேரே நின்றது. கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு நிமிடம் ஐம்பது விநாடி.

காவலாளி கேனைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்தார். "இன்னிக்கு சீக்கிரம் வந்துட்டீங்களே சார்! யாரைக் கூட்டிட்டு வந்தீங்க?"

மாஸ்டர் இறங்கவில்லை. கேனை வாங்கவில்லை. படகைத் திருப்பினார்.

வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. வலது பக்கம் சாய்ந்தபடியே படகு பறந்தது, இதுவரை இல்லாத அளவு லேசாக. தூரத்தில் அந்தக் கை தெரிந்தது. அருகில் போனார். அது அதே தூரத்தில் இருந்தது. இன்னும் போனார். அதே தூரம்.

எஞ்சின் ஒருமுறை இருமியது. இரண்டு முறை.

அணைந்தது.

எட்டு லிட்டர் பெட்ரோல். அக்கரைக்குப் போக மட்டும், மிஞ்சினால் பாதி வழி திரும்ப. துடுப்பு கரையில். நங்கூரம் கரையில். மிதவைச் சட்டை கரையில். நடு ஏரி. அலைகள் பலகையைத் தட்டும் ஓசை அடங்கி, கடைசியில் அதுவும் நின்று, தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆனது.

வெகு தூரத்தில், இக்கரைத் துறையில் ஒரு விளக்கு அணைந்து எரிந்தது. அணைந்து எரிந்தது. மகள். சுவிட்சில் கை வைத்தபடி நின்றிருப்பாள்.

"இதோ வர்றேன்மா" என்றார்.

இழுப்புச் சத்தம் இப்போது இல்லை. அந்தக் கை இருந்த பக்கத்திலிருந்து நிதானமான, நல்ல மூச்சு கேட்டது. ஏழு மாதத்துக்கு முன்னும், அதற்கு முன் எத்தனையோ வருடங்களும், அவள் விட்டு அவர் கேட்டே இராத மூச்சு.

தண்ணீருக்கு மேலே அந்தக் கை அசைவதை நிறுத்தியது. மணிக்கட்டு மெல்லத் திரும்பியது. உள்ளங்கை கீழே பார்த்தது. விரல்கள் மடிந்தன, விரிந்தன. மடிந்தன.

வாங்க.

படகின் இடது பக்கம் தாழ்ந்து மட்டத்துக்கு வந்தது. அங்கே நிற்கவில்லை. இன்னும் தாழ்ந்தது. பிறகு, எஞ்சின் இல்லாமல், காற்று இல்லாமல், அணைந்து எரியும் அந்த விளக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, படகு மெதுவாக, மிக மெதுவாக நகரத் தொடங்கியது.

மாஸ்டரின் வலது கால் பலகையை அழுத்திக்கொண்டே இருந்தது.