அம்மாவின் விமானத்தை ஓட்டுவது யார்?

காலை ஏழு மணியிலிருந்து அந்த வீட்டுக்குள் ஒரு விமானம் பறந்துகொண்டிருந்தது.

பறந்தது கணினித் திரையில்தான். ஓட்டியவள் பதினோரு வயதுப் பெண். விமானம் ஓட்டும் அந்தச் சிமுலேட்டர் விளையாட்டை விட்டு எழுந்திருக்க மாட்டாள் என்பதால் வீட்டில் அவளுக்குப் பெயர் பைலட்டம்மா. பக்கத்து நாற்காலியில் ஆறு வயதுத் தம்பி. ஆள் ஒல்லி, பேச்சு சுருக்கென்று குத்தும். அதனால் அவன் குண்டூசி.

அவர்கள் அம்மா ஒரு நர்ஸ். மூன்று மாதப் பயிற்சிக்காக அன்று காலையில்தான் தூர தேசத்துக்கு விமானம் ஏறினார். ஒன்பது மணி நேரப் பயணம். குண்டூசி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகை ஓய்வதாக இல்லை.

"அழாதடா. அம்மா போற விமானத்தை நாமளே இங்கேருந்து ஓட்டலாம், வா" என்றாள் பைலட்டம்மா.

அழுகை குழாயை மூடியதுபோல் நின்றது. ஆனால் அடுத்த கேள்வி வந்தது.

"நாம விட்டுட்டா அம்மா விழுந்துடுவாங்களா?"

"அதான் விடாம ஓட்டணும்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

வந்தது வினை. குண்டூசி அப்பாவின் பெல்ட்டை எடுத்து நாற்காலியோடு தன்னைக் கட்டிக்கொண்டான். சாப்பாடும் அங்கேயே. திரையில் கடல் முடியவே இல்லை. அப்பாவோ கைப்பேசியை எடுப்பதும் வைப்பதுமாக, கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தார். நடுநடுவே அவர் உதடுகள் கடவுளை அழைத்தன.

இரண்டு மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது மாமா வந்தார். கணினி பழுது பார்ப்பவர்.

"பைலட்டம்மா, புது சிமுலேட்டர் கொண்டு வந்திருக்கேன். மழை பெஞ்சா கண்ணாடியில துளி வழியும். கீழ பார்த்தா தெருவுல கார் ஓடும்."

அவளுக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. அவளுடைய பழைய சிமுலேட்டரில் கடல் என்றால் நீலப் போர்வை, மேகம் என்றால் பஞ்சுப் பொதி. எத்தனை மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்!

"ஆனா பழசை எடுத்தாத்தான் இதுக்கு இடம் கிடைக்கும். போட ஒரு மணி நேரம் ஆகும். மூணு மணிக்கு எனக்கு பஸ். வேலை முடிஞ்சு திரும்பி வர ஒரு மாசம் ஆயிடும். எழுந்திருங்க."

"முடியாது" என்றான் குண்டூசி. "அம்மா கடலுக்கு மேல இருக்காங்க."

"கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கலாம்டா."

"நடுவானத்துல நிறுத்தினா எங்க நிக்கும்? ஸ்டாண்டு போட்டா?"

மாமா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பைலட்டம்மாவும் பார்த்தாள். அவளுக்கு உட்கார்ந்திருப்பதே முள்ளின் மேல் இருப்பதுபோல் இருந்தது.

குண்டூசியும் நெளிந்தான். அவன் நெளிந்த காரணம் வேறு. காலையிலிருந்து அவன் கழிப்பறைப் பக்கமே போகவில்லை. இனித் தாங்காது என்று ஆனதும் பெல்ட்டை அவிழ்த்து அக்காவின் மடியில் வைத்தான்.

"விமானத்தை நீ பிடிச்சுக்கோ. விட்டுடாத" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

மாமா குனிந்து கிசுகிசுத்தார். "இதான் சமயம். அணைச்சிடு. அவன் வந்ததும், அம்மா பத்திரமா இறங்கிட்டாங்கன்னு சொல்லிடுவோம். குழந்தைக்கு என்ன தெரியப்போகுது?"

அவள் கை பொத்தான் வரைக்கும் போனது. ஒரே ஒரு அழுத்து. கண்ணாடியில் துளி வழியும், தெருவில் கார் ஓடும்.

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அவசர அவசரமாக ஊற்றுகிறான்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"வேணாம் மாமா. என்னை நம்பிக் கொடுத்துட்டுப் போயிருக்கான்."

"ஒரு மாசம் ஆகும், யோசிச்சுக்கோ."

"ஆகட்டும்" என்றாள். மாமாவின் பக்கம் திரும்பாமல் விமானத்தைக் கொஞ்சம் மேலே ஏற்றினாள்.

மாமா அவள் தலையை ஒரு முறை தடவிவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். குண்டூசி ஈரக் கால்களோடு ஓடி வந்தான். திரையில் விமானம் பறப்பதைப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டான். பெல்ட்டை வாங்கி மறுபடியும் கட்டிக்கொண்டான்.

மூன்றே கால் தாண்டியதும் அப்பாவின் கைப்பேசி அடித்தது. ஒலிபெருக்கியில் அம்மாவின் குரல். "இறங்கிட்டேன்பா. நல்லபடியா வந்துட்டேன்."

அப்பா நடப்பதை நிறுத்திவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தார்.

குண்டூசி மட்டும் திரையையே பார்த்தான். "நாம இன்னும் கடல் மேலதானே இருக்கோம்?"

"நாம கிளம்பினதே லேட்டு. நீ அழுது முடிக்கவே முக்கால் மணி நேரம் ஆச்சே."

"அப்ப அம்மாவை ஓட்டிட்டுப் போனது யாரு?"

"அதுக்கு வேற பைலட் இருக்காங்கடா."

"ஓ." சற்று யோசித்தான். பெல்ட்டை அவிழ்த்தான். "அப்ப நீயே இறக்கிக்கோ. எனக்குப் பசிக்குது."

சமையலறைக்குப் போனவன் ஒரு ரொட்டியைக் கடித்துக்கொண்டே திரும்பினான். "மாமா கொண்டு வந்த புதுசு எங்க?"

"அடுத்த மாசம்தான்."

"ஐயோ அக்கா, இது வெறும் விளையாட்டுத்தான்னு நீ முதல்லயே சொல்லியிருந்தா இப்பவே போட்டிருக்கலாமே."

அவனைக் கிள்ளுவதா, சிரிப்பதா என்று பைலட்டம்மாவுக்குத் தெரியவில்லை. அவன் கையிலிருந்த ரொட்டியில் பாதியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, யாருமே இல்லாத அந்த விமானத்தை அலுங்காமல் குலுங்காமல் இறக்கத் தொடங்கினாள்.