முப்பத்தோராம் நாள் தோய்த்த சட்டை

மேற்கு ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து புறப்படும் பேருந்து முக்கால் மணி நேரம் ஓடி, ஒரு பழைய செங்கல் சூளையருகே நின்று திரும்பும். 1985 நவம்பரில் ஒரு ஞாயிறு முற்பகல், அந்தக் கடைசித் தரிப்பில் இரண்டு தமிழர்கள் இறங்கினார்கள். முன்னால் நடந்தவன் பீலிக்ஸ். பாசையூர்க்காரன், இருபத்தெட்டு வயது, உணவகம் ஒன்றில் கோப்பை கழுவிக் கழுவியே டொச், அதாவது ஜெர்மன், பேசப் பழகியவன். பின்னால் துணிப்பையோடு வந்தவர் கனகலிங்கம். வயது முப்பத்தெட்டு. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் பதினாலு வருடம் மோட்டார் சைக்கிள் திருத்தியவர்.

அவருடைய அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்டு, நாட்டைவிட்டுப் போகும்படி கடிதம் வந்திருந்தது. வழக்கறிஞர் மேல்முறையீடு எழுதியிருந்தார். பதில் வரும்வரை யார் கண்ணிலும் படாமல் இருக்க வேண்டும். பிடிபட்டால் விமானம். அது இறங்கும் இடத்தில் என்ன காத்திருக்கிறது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

“இவங்கட வாசலுக்குப் பொலிஸ் சும்மா வராது, அண்ணை,” என்றான் பீலிக்ஸ். “அவங்களுக்கே பயம்.”

“எனக்கும் பயம்தான்.”

“அந்தப் பயந்த முகத்தோடயே ஸ்பானரைப் பிடியுங்கோ. அதுவே காணும்.”

சூளைக்குள் இருந்தது ஒரு மோட்டார் சைக்கிள் கூட்டம். ‘சாம்பல் காகங்கள்’ என்று பெயர், பதினொரு பேர். அரசாங்கத்தின் சட்டத்தை மதிக்காதவர்கள். ஆனால் தங்களுக்கென்று வைத்திருந்த சட்டத்தில் ஒரு நூல் பிசகவும் விடமாட்டார்கள். ஒவ்வொருவனும் தோல் அங்கிக்கு மேலே, கை வெட்டிய ஜீன்ஸ் சட்டை ஒன்று அணிந்திருப்பான். அதன் முதுகில் மூன்று துண்டுகள் தைத்திருக்கும்: மேலே கூட்டத்தின் பெயர், நடுவே காகம், கீழே ஊர். புதிதாகச் சேர வருபவனுக்கு ஊர்த்துண்டு மட்டும்தான். ஒரு வருடம் ஏவின வேலையெல்லாம் செய்து முடித்தபிறகே காகம் அவன் முதுகில் ஏறும். சாலையில் போகும்போதும் அப்படித்தான். இரண்டிரண்டு பேராக, பற்சக்கரத்தின் பற்களைப் போல, அவனவனுக்கென்று ஓரிடம். ஒருவன் இல்லையென்றால் அந்த இடம் வெறுமையாகவே ஓடும்.

இவர்களுக்கு எதற்குச் சுன்னாகத்து ஆள்? அவர்கள் ஓட்டியவை ஐம்பதுகளின் இங்கிலாந்து மோட்டார் சைக்கிள்கள். உதிரிப்பாகம் கிடைப்பது அரிது. கனகலிங்கமோ, இலங்கையில் இறக்குமதி நின்றுபோன காலத்தில் இரும்புத் துண்டை அராவி அராவியே பாகம் செய்து பழகியவர். தலைவன் ஊவே, ஆறு மாதமாக உயிர் வராத ஒரு இயந்திரத்தை அவர்முன் நிறுத்தினான். கனகலிங்கம் அதன் மக்னெட்டோவைக் கழற்றினார். மக்னெட்டோவுக்குப் பற்றரி தேவையில்லை, சுழலும்போது மின்பொறியைத் தானே பிறப்பிக்கும். ஆனால் உள்ளே இருக்கும் செப்புச் சுருள் ஈரம் குடித்தால் ஊமையாகிவிடும். சமையலறை அடுப்பில், மா பொங்கும் அளவுக்கு இளஞ்சூட்டில், அதை ஒரு பகல் முழுக்க வைத்து எடுத்தார். மாலையில் இயந்திரம் இரண்டாவது உதையில் இடித்துக்கொண்டு எழும்பியது.

பட்டறைக்கு மேலே ஓர் அறை கிடைத்தது.

கூட்டத்தில் அவரோடு பழகியவன் ஹென்னிங் ஒருவன்தான். நெட்டையன், மஞ்சள் தாடிக்காரன், பேச்சுக் குறைவு. பீலிக்ஸ் இவனை ஒருநாளும் கண்டதில்லை. மத்தியானங்களில் பட்டறையில் வந்து குந்தியிருந்து அவர் வைத்த கோழிக்குழம்பை வியர்த்து வழிந்தபடி சாப்பிடுவான். அவனுடையது ஒற்றைச் சிலிண்டர் வண்டி. அதன் இடியை எண்ணலாம்: டப், டப், டப், டப், பிறகு ஓர் அடி விடுபடும், பிறகு மறுபடி டப். வால்வு ஒன்று சரியாக மூடவில்லை. நேரம் வரும்போது பார்க்கிறேன் என்று கைச்சாடையில் சொல்லி வைத்திருந்தார்.

நேரம் வரவில்லை. ஜனவரியில், உறைபனி படிந்த ஒரு வளைவில், ஹென்னிங் சாலையோர மரத்தில் மோதி இறந்தான்.

வளைந்த வண்டி பட்டறைக்கு வந்தது. சட்டை கூட்டத்திடம் திரும்பி வந்தது. உறுப்பினன் இறந்தால் சட்டை தாய்க்கோ மனைவிக்கோ போவதில்லை, கூட்டத்துக்கே சொந்தம். பெரிய மண்டபத்தில் அவன் கதிரையின் முதுகில் அதை மாட்டினார்கள். எண்ணெயும் சாலைத் தூசும் காய்ந்த இரத்தமும் ஏறி, அது தானாகவே நிமிர்ந்து நின்றது. அந்த மணம் படிக்கட்டேறி கனகலிங்கத்தின் அறைவரை வந்தது.

மனிதனைப் புதைத்தாயிற்று. அழுக்கை மட்டும் ஏன் வைத்திருக்கிறார்கள்? அவர் நாட்களை எண்ணினார். அவருடைய ஊரில் செத்த வீட்டுத் தீட்டான துடக்கு முப்பத்தோராம் நாள் கழியும். அன்றைக்கு வீடு கழுவி, துணியெல்லாம் தோய்த்து, மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். செத்தவனும் இலேசாகிப் போவான், இருப்பவரும் எழும்பி நடப்பார்கள். இங்கே அதைச் செய்ய ஒரு சொந்தம் இல்லை. தன் கைச் சமையலைச் சாப்பிட்டவன், தானே செய்தால் என்ன என்று நினைத்தார்.

முப்பத்தோராம் நாள் கூட்டம் முழுவதும் வாகனங்களில் வேறோர் ஊருக்குப் போயிருந்தது. கனகலிங்கம் மண்டபத்தைக் கழுவினார். பிறகு கதிரையிலிருந்து சட்டையைக் கழற்றிப் பைகளை வெளியே புரட்டிப் பார்த்தார். எல்லாம் வெறுமை. சுடுதண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தினார்.

முதல் தண்ணீர் கறுப்பாக வந்தது.

இரண்டாவது செம்மண் நிறம்.

மூன்றாவதில் மணல் வந்தது. துணியில் ஒட்டும் மணலல்ல, கைநிறைய. நாலாவதில் சிறு கற்கள், நசுங்கிய இலைகள், தார்த் துணுக்குகள். ஒரு சட்டைக்குள் இவ்வளவு சாலை எப்படி இருந்தது? அவர் கை சிவக்கும்வரை அலசினார். கடைசியில் தண்ணீர் தெளிந்தது. பட்டறை அடுப்பருகே காயப் போட்டபோது அது இளநீலமாக, கடையில் வாங்கிய அன்று போல இருந்தது.

அப்போது வாசல் பக்கம் ஒரு வண்டி வரும் ஓசை.

டப், டப், டப், டப்.

ஓர் அடி விடுபட்டது.

டப்.

கனகலிங்கம் தன் முன்னிருந்த மேசையைப் பார்த்தார். ஹென்னிங்கின் இயந்திரம் அங்கே பிரித்துக் கிடந்தது. பிஸ்டன் ஒரு துணியில், வால்வு ஒரு தட்டில்.

ஓசை வாசலில் நிற்கவில்லை. சுவரைச் சுற்றிப் போய், பின்பக்கத்தால் திரும்பி, மறுபடி வாசலுக்கு வந்தது. வீடு தெரியாதவன் தெருவில் சுற்றுவது போல. யன்னலால் எட்டிப் பார்த்தார். மத்தியானம் ஒரு மணி, மங்கலான வெயில், முற்றம் முழுக்கப் புதுப்பனி. ஓசை அவர் கண்முன்னே கடந்து போனது.

பனியில் ஒரு கோடுகூட விழவில்லை.

மறுநாள் ஞாயிறு. கூட்டம் திரும்பி வந்தது, பீலிக்ஸும் வந்திருந்தான். வெளுத்த சட்டையைக் கண்டதும் பதினொரு பேராக இருந்து பத்தாகிப்போன அந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவனும் தொப்பியைக் கழற்றினான். அதுதான் கனகலிங்கத்தை உலுக்கியது. ஊவே சட்டையைக் கையிலெடுத்து, முகத்துக்கருகே கொண்டுபோய் மணந்தான். அவன் கண் கலங்கியிருந்தது. பிறகு நெடுநேரம் தாழ்ந்த குரலில் பேசினான். பீலிக்ஸ் கேட்டுவிட்டுக் கனகலிங்கத்தின் பக்கம் திரும்பினான்.

“இதை ஒருநாளும் தோய்க்கிறேல்லையாம், அண்ணை. ஓடின றோட்டு எல்லாத்தின்ர தூசும் அதுக்குள்ளதான் இருக்காம். செத்தவன் அதைப் பிடிச்சுத்தான் வீட்டுக்கு வாறவனாம். நீங்கள் அழிச்சுப்போட்டியளாம்.”

“நான் நல்லதுக்குத்தானே செய்தனான். முப்பத்தொண்டு எண்டு சொல்லன்ரா.”

“சொல்லிப்போட்டன். அது உங்கட நாட்டுக் கதை எண்டுறான்.”

வெளியே ஓசை சுவரைச் சுற்றிக் கடந்தது. பீலிக்ஸுக்குக் கேட்கவில்லை. மற்ற எல்லோரும் தலை திருப்பினார்கள்.

“இப்ப என்ன செய்யட்டாம்?”

“தோய்ச்சவன்தான் போடவேணுமாம். அவன்ர வண்டியைத் திருப்பிப் பூட்டி, அவன்ர இடத்தில, அவன் ஓடின றோட்டெல்லாம் ஓடி, ஊத்தையைத் திருப்பி ஏத்தவேணுமாம்.” பீலிக்ஸ் ஊவேயை ஒருதரம் திரும்பிப் பார்த்தான். “ஏலாது எண்டால் ஒண்டும் செய்யமாட்டினமாம். ஆனா இண்டைக்கே வெளிக்கிடட்டாம்.”

வெளியே போனால் இரண்டே நாளில் பொலிஸ். சாலையில் ஓடினாலும் பொலிஸ். ஆனால் ஓடினால் திரும்பி வர ஒரு கூரை இருக்கும். கனகலிங்கம் சட்டைக்காகக் கையை நீட்டினார்.

அதன்பின் பீலிக்ஸ் வரவில்லை. அகதி விண்ணப்பக்காரர் தமக்கு ஒதுக்கிய மாவட்டத்தைத் தாண்டக்கூடாது; அவன் அதற்கு வெளியே பேருந்தில் அகப்பட்டு, இனிமேல் தாண்டினால் வழக்கு என்று எச்சரிக்கப்பட்டான்.

மூன்று கிழமையில் வண்டி உயிர்பெற்றது. புதிய வால்வு அராவிப் போட்டு, காற்று ஒரு இழைகூடக் கசியாமல் இருத்தினார். அந்த வேலையில் அவர் பிழைவிட்டதில்லை. உதைத்தார். டப், டப், டப், டப். ஓர் அடி விடுபட்டது. சுவரைச் சுற்றிய ஓசை அன்றோடு நின்றது.

மார்ச்சில் ஓடத் தொடங்கினார்கள். அவருக்கு ஹென்னிங்கின் இடம்: இரண்டாம் வரிசை, வலப்பக்கம். சட்டை அவருக்குத் தொடைவரை தொங்கியது. முதல்நாளே ஒன்றைக் கவனித்தார். முன்பின் அறியாத சாலை, ஆனால் வளைவு வருமுன்னே அவர் உடம்பு சாய்ந்தது. மோட்டார் சைக்கிளைக் கைப்பிடியைத் திருப்பி வளைப்பதில்லை, பாரத்தைச் சாய்த்துத்தான் வளைப்பது. அந்தப் பாரம் அவருடையதாக இல்லை. முதுகின்மேல் ஓர் ஆள் நெஞ்சை ஒட்டிக்கொண்டு அமர்ந்திருப்பது போல இருந்தது.

ஒவ்வொரு மாலையும் சட்டை, ஓடிய தூரத்துக்கு மிஞ்சி அழுக்கேறியிருந்தது.

ஏப்ரலில் அதன் நுனி இடுப்பளவில் நின்றது.

அந்த மாதமே, தூரத்து ஊர்ப் பாலமொன்றில் பொலிஸ் மறித்தது. ஒவ்வொருவனிடமும் பத்திரம் வாங்கிப் பார்த்துக்கொண்டே வந்த அதிகாரி கனகலிங்கத்தின்முன் நின்று கையை நீட்டினான். அவரிடம் ஒன்றுமில்லை. விமானத்தின் படிக்கட்டு அவருக்குக் கண்ணில் தெரிந்தது.

அவர் கை தானாகச் சட்டையின் உட்பைக்குள் போனது.

தானே புரட்டிப் பார்த்து, தானே தோய்த்த பை.

உள்ளே ஒரு சாரதிப்பத்திரம் இருந்தது. காய்ந்து, இளஞ்சூடாக.

அதிகாரி படத்தைப் பார்த்தான். அவர் முகத்தைப் பார்த்தான். படத்தில் மஞ்சள் தாடியோடு ஹென்னிங் இருந்தான். அதிகாரி தலையாட்டி, பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்து, அடுத்தவனிடம் போனான்.

அன்று மாலை ஊவே அவர் தோளில் கை போட்டான். முன்பு ஒருநாளும் அவரைத் தொட்டதில்லை. மேசையில் எல்லோரும் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். கனகலிங்கமும் சிரித்தார். ஏன் சிரித்தோம் என்று யோசித்தபோதுதான், அந்தப் பகிடி முழுவதும் தனக்கு விளங்கியிருந்தது தெரிந்தது.

அவருக்கு இருபது டொச் சொற்களுக்கு மேல் தெரியாது.

மே மாதத்தில் ஒரு ஞாயிறு, மத்தியானப் பேருந்திலிருந்து பீலிக்ஸ் இறங்கினான். வழக்குக்குத் துணிந்து வந்திருந்தான், கையில் ஒரு கடித உறை. வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்த கனகலிங்கம் துணியைப் போட்டுவிட்டு எழும்பினார். நேரே வந்த பீலிக்ஸ் இரண்டடி தள்ளி நின்று, டொச்சில், மரியாதையாக, கனகலிங்கம் உள்ளே இருக்கிறாரா என்று கேட்டான்.

“பீலிக்ஸ், நான்தான்ரா.”

பீலிக்ஸ் திகைத்துப்போனான். பிறகு வாய்விட்டுச் சிரித்தான்.

“ஐயோ, அச்சாத் தமிழ். அண்ணை பழக்கினவரோ?”

“விளையாடாத, தம்பி. என்னைப் பார். கனகலிங்கம்.”

“ஓம், ஓம், கனகலிங்கம்,” என்று குழந்தைக்குச் சொல்வது போலத் தலையாட்டிவிட்டு, பீலிக்ஸ் டொச்சுக்கு மாறினான். மேல்முறையீடு வென்றுவிட்டது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் Termin, நேரம் குறித்த சந்திப்பு. அவரே நேரில் போக வேண்டும். முகத்தைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் பத்திரம் கொடுப்பார்கள், தவறினால் எல்லாம் போய்விடும். அவரைக் கண்டதும் இதைக் கொடுத்து, சொல்லிவிட முடியுமா? தனக்குப் பேருந்து திரும்புகிறது, பொலிஸ் காணுமுன் போக வேண்டும்.

ஒரு சொல் விடாமல் விளங்கியது. கனகலிங்கத்தின் வாய் பிழையில்லாத டொச்சில், கட்டாயம் சொல்கிறேன் என்றது.

பீலிக்ஸ் நன்றி சொல்லிவிட்டு நடந்தான்.

உறையின் மூலையில் ஊசியால் குத்தி அவருடைய சிறு படம் இருந்தது. வண்டியின் பக்கக் கண்ணாடியில் குனிந்து பார்த்தார். படத்திலிருந்த அதே முகம்தான். கறுத்த முகம், நரை விழுந்த மீசை, நெற்றித் தழும்பு. ஒன்றும் மாறவில்லை.

சட்டையை இழுத்துக் கழற்றி மண்ணில் எறிந்தார். வெறும் பனியனோடு தரிப்பிடத்துக்கு ஓடினார். பேருந்து அசையத் தொடங்கியிருந்தது. அதன் பக்கமாக ஓடி, பீலிக்ஸ் இருந்த யன்னலில் உள்ளங்கையால் அடித்தார், அடித்தார். அவர் கை கறுப்புக் கை. அவர் கண்ணுக்கு அது நன்றாகத் தெரிந்தது.

பீலிக்ஸ் திரும்பிப் பார்த்தான். உயரத்தில், ஒரு நெட்டையனின் முகம் இருக்கக்கூடிய இடத்தைப் பார்த்துப் புன்னகைத்து, அந்நியருக்குக் காட்டும் மரியாதையோடு கையசைத்தான்.