பெல்ட் கழற்றிய பிறகு

கச்சிராயபாளையம் தாண்டி மலையேறும் பஸ் என்னை வெள்ளிமலையில் இறக்கிவிட்டபோது மணி பத்து. மாதாந்திரப் பராமரிப்புக்காக அன்று காலை ஒன்பது முதல் மதியம் இரண்டு வரை மின்தடை. வேலை கெடாது என்று அந்த நாளைப் பார்த்துத்தான் மரப் பட்டறை முதலாளி தீனதயாளன் சார் என்னை வரச் சொல்லியிருந்தார். கள்ளக்குறிச்சியில் மர மிஷின் ரிப்பேர் என்று கேட்டால் சுஐப் பாய் என்று என்னைத்தான் கைகாட்டுவார்கள். பதினெட்டு வருஷமாக இதே வேலை. பத்து விரலும் இருக்கிறது. இந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது.

பட்டறை வாசலில் ஆர்ச் கட்டியிருந்தது. அதில் முதலாளி மஞ்சள் ஹெல்மெட்டுடன் கைகூப்பி நின்றார். கீழே ‘பாதுகாப்புச் செம்மல்’ என்று பட்டம். யார் கொடுத்தது என்று கேட்கக் கூடாது, பேனர் அடித்தவர் கொடுத்திருப்பார். உள்ளே நுழைந்ததும் பெரிய தகரப் பலகை. ‘விபத்தில்லா நாட்கள்: 612’.

பள்ளிக்கூடத்துக்குப் போகும் பெஞ்சுகள் பாதி முடிந்து கிடந்தன. நடுவில் டேபிள் ரம்பம். மேசையின் பிளவிலிருந்து வட்டப் பிளேடு முக்கால் சாண் எழும்பி, மேலே எந்த மூடியும் இல்லாமல் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

மூடி சுவரில் இருந்தது. சந்தனம், குங்குமம், ஒரு பிளாஸ்டிக் மாலை.

“மூடி ஏம்மா சொவுத்துல கீது?” என்று ரம்பம் ஓட்டும் செவ்வந்தியிடம் கேட்டேன்.

“போட்டோவுல பிளேடு தெரியலன்னு மொதலாளி கழட்டினாரு பாய். அப்பறம் ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்சிட்டாங்க. பொட்டு வெச்சத எறக்கக் கூடாதாம்.”

“நல்லா கீது. சாமியா ஆக்கிட்டீங்க. வரம் குடுத்துச்சா?”

அவள் சிரிக்கவில்லை.

தீனதயாளன் சார் வந்தார். மறுநாள் கீழேயிருந்து ஆய்வுக்கு ஆள் வருகிறார்களாம். மிஷின் நல்ல நிலையில் இருக்கிறது என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். “பலக ஓரம் கருகுது பாய், அவ்ளோதான். பாத்துட்டு ஒரு கையெழுத்து. பாதுகாப்பு விஷயத்துல நம்ம பட்டறை மாநிலத்துக்கே முன்மாதிரி” என்று சொல்லிவிட்டு ஆபீஸ் அறைக்குள் போனார்.

அவர் கதவு மூடும்வரை செவ்வந்தி காத்திருந்தாள்.

“கருகறதெல்லாம் கம்மி பாய். கரண்ட் இல்லாதப்போ சுத்துது.”

“யாரு சொன்னா?”

“நான் பாத்தேன். நாளைக்கும் நான்தான் ஓட்டணும். முடியாதுன்னா கேரளாவுக்கு மொளகு பறிக்கத்தான் போவணும். ரெண்டு புள்ளைங்கள யாருகிட்ட உடறது?” இரண்டு கைகளையும் விரித்துத் தானே பார்த்துக்கொண்டாள். “இதுங்க ரெண்டும்தான் பாய் எங்களுக்கு சோறு. பாத்துக் கையெழுத்துப் போடுங்க.”

நான் மெயின் போர்டைத் திறந்தேன். ஒழுங்கான மிஷினுக்கு ஸ்டார்ட்டர் இருக்கும். கரண்ட் போனால் அது விழுந்துவிடும். திரும்ப வந்தாலும் யாராவது பச்சைப் பட்டனை அமுக்கினால்தான் ஓடும். இங்கே ஸ்டார்ட்டரே இல்லை. வெறும் சுவிட்ச்.

“மலையில ஒரு நாளைக்கு இருவது வாட்டி கரண்ட் போவுது. ஒவ்வொரு வாட்டியும் பட்டன் அமுக்க ஆள் போனா வேல கெடுதுன்னு எடுத்துட்டாரு” என்றாள் செவ்வந்தி. குரல் இன்னும் இறங்கியது. “நாலு மாசம் முன்ன இதே மாதிரி கரண்ட் இல்லாத நாளு. ரெண்டு மணிக்குத்தான வரும்னு இங்க வேல செஞ்ச பூமாலைண்ணன் பிளேடு மாத்தக் கைய உட்டாரு. பன்னெண்டரைக்கே கரண்ட்ட உட்டுட்டானுங்க. சுவிட்ச் போட்டபடி இருந்துது. ரெண்டு வெரலு போச்சு, மணிக்கட்டு நரம்பும் அறுந்துது.”

நான் தகரப் பலகையைப் பார்த்தேன். நாலு மாதத்துக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு நாள் வராது.

“உயிரு போனது ஜீப்புல, ஒம்பதாவது வளைவுல. அது ரோடு. பட்டறை இல்லியாம்.”

மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கிப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். கரண்ட் இருக்கட்டும், இல்லாமல் போகட்டும். கட்டை என் பாக்கெட்டுக்கு வந்தால்தான் என் கை பிளேடு பக்கம் போகும்.

கருகலுக்குக் காரணம் சுலபமாகவே கிடைத்தது. பலகையை அணைத்துத் தள்ளும் கைடு, பிளேடுக்கு நேராக இல்லை. இதை அளக்க ஒரு வழி உண்டு. பிளேடின் ஒரு பல்லில் சாக்பீஸால் குறி வைத்து, முன்பக்கம் நிறுத்திக் கைடுவரை அளக்க வேண்டும். பிறகு பிளேடைக் கையால் சுற்றி, அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய் அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

முன்பக்கம் அளந்தேன். குறியைப் பின்பக்கம் தள்ளினேன். ஸ்கேலை எடுத்துக் குனிந்தேன்.

குறி முன்பக்கம் இருந்தது.

பேரிங் லூசாக இருக்கும் என்று நினைத்து மறுபடி தள்ளினேன். இந்தத் தடவை கண்ணை எடுக்கவில்லை. வெளியே ஒரு சத்தமும் இல்லை. மின்தடை நாளில் மாவு மில், ஒலிபெருக்கி, தண்ணீர் மோட்டார் எல்லாம் சேர்ந்து வாயை மூடிக்கொள்ளும். கூரைத் தகரத்தின் ஓட்டைகள் வழியாக விழுந்த வெளிச்சத்தில் மரத்தூள் மிதந்துகொண்டிருந்தது.

டிக்.

ஒரு பல் நகர்ந்தது.

டிக். டிக். யாரோ விரலால் எண்ணி எண்ணித் தள்ளுவதுபோல் குறி முன்பக்கம் வந்து, என் எதிரில் நின்றது.

“சொன்னேன்ல” என்றாள் செவ்வந்தி.

பதினெட்டு வருஷத்தில் நான் மிஷினைப் பார்த்துப் பயந்தது கிடையாது. பயந்ததாகக் காட்டிக்கொண்டதும் கிடையாது. மேசைக்கடியில் படுத்து, மோட்டாரிலிருந்து பிளேடுக்குப் போகும் பெல்ட்டைக் கழற்றினேன். பெல்ட் இல்லாவிட்டால் மோட்டாரே ஓடினாலும் பிளேடு சுற்றாது. எழுந்து அதை அவளிடம் காட்டினேன்.

“இப்ப எப்படிச் சுத்தும் சொல்லு?”

முகத்தில் காற்று அடித்தது.

பிளேடு சுற்றிக்கொண்டிருந்தது. பல் ஒன்றும் தெரியவில்லை, ஒரு சாம்பல் வட்டம் மட்டும். மோட்டாரின் உறுமல் இல்லை. காற்றைக் கிழிக்கும் ஊதல் மட்டும். மரத்தூள் வாசனைக்கு நடுவே, கறிக்கடையை விடியற்காலையில் கழுவிவிட்டால் வருமே, அந்த ஈர வாசனை.

கட்டைகள் என் பாக்கெட்டில். பெல்ட் என் கையில்.

யா அல்லா என்று வாய் சொன்னது.

ஊதல் கேட்டு முதலாளி வெளியே வந்தார். அவர் வந்ததும் பிளேடு நின்றது. நான் சொன்னதை முழுதாகக் கேட்டுவிட்டு, பள்ளிப் பிள்ளைகளைப் பார்ப்பதுபோல் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

“பேக் கரண்ட் பாய். மோட்டாருக்குள்ள கரண்ட் ஸ்டாக் இருக்கும். சயின்ஸ் எங்கியோ போய்க்கினு கீது, நீங்க பேய்கிட்டயே நின்னுக்கினு கீறீங்க. செவ்வந்தி, போனைப் பிடி. வீடியோ போடு. ஆர்ச்சு பின்னாடி தெரியணும்.”

“கை வெக்காதீங்க சார்” என்றாள்.

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, பிளேடின் மேல் வலது உள்ளங்கையைப் பதித்தார். “அன்பார்ந்த பொதுமக்களே, மூடநம்பிக்கை என்பது…”

நிறுத்தினார்.

“சார்?”

“கை எடுக்க வரல.”

அவர் மணிக்கட்டில், யாரோ இறுக்கிப் பிடித்ததுபோல், வெள்ளைச் சட்டை உள்ளே அமுங்கியிருந்தது. ஒரு பக்கம் ஒரு குழி. மறுபக்கம் இரண்டு. அவ்வளவுதான் விரல்கள். நான் அவர் தோளைப் பிடித்து இழுத்தேன். சுவரை இழுப்பதுபோல் இருந்தது.

டிக்.

உள்ளங்கையில் ஒரு பல் இறங்கியது. ரத்தம் மெல்ல மேசையில் ஓடிற்று. ஹெல்மெட் ஒரு பக்கம் சாய்ந்தது. பாதுகாப்புச் செம்மல் அம்மா என்று கத்தினார்.

செவ்வந்தி போனைக் கீழே வைத்தாள். என்னைப் பார்க்காமல், முதலாளியைப் பார்க்காமல், மேசைக்கு அந்தப் பக்கம் வெறுமையாக இருந்த இடத்தைப் பார்த்துப் பேசினாள்.

“அன்னிக்குப் பாதுகாப்பு வார விழா. ஜீப்பு வாசல்லயே நின்னுது. மேடையத் தாண்டி ரத்தத்தோட தூக்கிக்கினு போவக் கூடாதுன்னாரு. கெஸ்ட்டு பேசி முடிக்கற வரிக்கும் அண்ணன இந்த மேசமேலதான் சாச்சி வெச்சிருந்தோம். முக்கா மணி நேரம்.” பிறகு மெதுவாக, “இங்கதான்னு சொல்லுங்க சார். ரோடு இல்ல, இங்கதான்னு.”

டிக்.

“இங்கதான்” என்றார். வாய் கோணியது. “இங்கதான் நடந்துது! நான்தான் நிறுத்தி வெச்சேன்! இங்கதான்!”

பிடி விட்டதும் அவர் பின்னால் போய்ப் பெஞ்சுகளின் மேல் விழுந்தார். விரல்கள் எல்லாம் இருந்தன. உள்ளங்கையில் இரண்டு கிழிசல்கள்.

துணி சுற்றி அவரை ஆபீஸில் உட்கார வைத்தோம். டாக்டரிடம் போகச் சொன்னால் கேட்கவில்லை. “நீங்க சொல்றதெல்லாம் போடுங்க பாய், எல்லாத்தையும் போடுங்க” என்று முனகிக்கொண்டே இருந்தார். நான் போட்டேன். பழைய சுவிட்சை எடுத்துவிட்டு என் பையிலிருந்த ஸ்டார்ட்டரை வைத்தேன். கைடை நேராக்கினேன். அறுபட்ட மரம் மறுபடி சேர்ந்து பிளேடைக் கவ்வாமல் தடுக்கும் தகடு மூலையில் கிடந்தது. அதைப் பிளேடுக்குப் பின்னால் பொருத்தினேன். சுவரிலிருந்து மூடியை இறக்கி, குங்குமத்தைத் துடைத்து, அது இருக்க வேண்டிய இடத்தில் மாட்டினேன். பெல்ட்டும் கட்டைகளும் கடைசியில்.

இரண்டு பத்துக்குக் கரண்ட் வந்தது. ஊர் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தது.

ரம்பம் அசையவில்லை. பச்சைப் பட்டனுக்காகக் காத்திருந்தது. எனக்கு அழுகை வரும்போல் இருந்தது.

“வா, ஒரு பலக ஓட்டு. அப்பறம் கையெழுத்துப் போடறேன்.”

செவ்வந்தி பச்சையை அமுக்கினாள். நான் சொன்னபடி பலகைக்கு நேர் பின்னால் நிற்காமல் ஒதுங்கி நின்றாள். கையால் தள்ளாமல் தள்ளுகட்டையால் தள்ளினாள். பலகை கருகாமல், வெண்ணெய்போல் பிளந்துகொண்டு போயிற்று. பாதி போனதும் அவள் முகம் மாறியது.

“பாய்.”

“இன்னாம்மா?”

“நான் தள்ளல பாய்.”

தள்ளுகட்டை மேசையில் கிடந்தது. அவள் இரண்டு கைகளையும் தோளுக்கு மேல் தூக்கியிருந்தாள். நான் எண்ணினேன். பத்தும் இருந்தன. பலகை மட்டும் அதே வேகத்தில், யாரோ எதிரிலிருந்து இழுப்பதுபோல், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த வெறும் இடத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

பாய்ந்து சிவப்புப் பட்டனை அடித்தேன்.

பிளேடு நின்றது.

பலகை நிற்கவில்லை.