கோயில்பிள்ளை விற்ற காயின்

வில்லியனூர் ஸ்டேஷன் ரோட்டு மாடியில் இருக்கும் ஹசீனா துப்பறியும் நிலையத்துக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மாப்பிள்ளை விசாரிக்கத்தான் வருவார்கள். பையன் குடிப்பானா, சொன்ன சம்பளம் நிஜமா, முன்னாடி ஏதாவது கசமுசா உண்டா என்கிற ரகம். அதனால் அந்தச் சனிக்கிழமை காலை தஸ்லீமா மூச்சிரைக்கப் படியேறி வந்து, "அக்கா, என்ன நல்லா ஏமாத்திட்டான்கா!" என்று அழுதபோது, உதவியாளன் சகாய சுரேஷ் பரபரவென்று பேனாவைத் திறந்தான்.

"மாப்பிள்ளை பேரு சொல்லுங்க."

"மாப்பிள்ளையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. காயினு! கிரிப்டோ காயினு!"

சுரேஷுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்; ஆனாலும் பெரிய கேஸ் ஒன்று வராதா என்று தினமும் மாதாவுக்கு மெழுகுவர்த்தி கொளுத்துகிறவன். ஹசீனா தஸ்லீமாவை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். தஸ்லீமாவுக்குப் பின்னால் அவளுடைய போனைக் கையில் பிடித்தபடி ஒருவன் நின்றான்.

"இது புகழ்வேந்தன்கா. எங்க தெருவுல போன் கடை வெச்சிருக்கு. மைக் செட்டு, கேமரா எல்லாம் போடும். எனக்கு போன்ல ஒண்ணும் புரியாது, அதான் கூட்டிட்டு வந்தேன்."

விஷயம் இதுதான். மார்க்கெட் வீதியில் சொந்தமாக ஒரு தையல் கடை போடவேண்டும் என்பது தஸ்லீமாவின் பல வருஷத்து ஆசை. அட்வான்ஸுக்காக வளையல்களை விற்று மூன்று லட்சம் சேர்த்திருந்தாள். கொடுப்பதற்குள் கொஞ்சம் பெருக்கலாமே என்று புத்தி போனது. முன்பின் தெரியாதவர்கள் தங்களுக்குள் காயின் விற்று வாங்குகிற ஓர் ஆப்பில், பவுல்ராஜ் என்பவரிடம் பேரம் முடிந்தது. முதலில் இரண்டாயிரத்துக்கு வாங்கிப் பார்த்தாள். காயின் ஒழுங்காக வந்தது. நேற்று ஒன்றரை லட்சம் போட்டாள். ஒன்றும் வரவில்லை. திங்கட்கிழமை அட்வான்ஸ் கொடுக்காவிட்டால் கடை வேறு ஆளுக்குப் போய்விடும்.

"நேத்து எப்ப போட்ட?"

"மத்தியானம்கா."

"அப்ப கதைய அப்புறம் சொல்லு. சைபர் மோசடிக்குன்னு 1930 இருக்கு பாரு, அதுக்கு முதல்ல போன் போடு. அவன் பணத்த எடுக்கறதுக்குள்ள நாம முந்திக்கணும்."

புகழ்வேந்தன் நெளிந்தான். "போலீஸுன்னா இழுத்தடிப்பாங்கக்கா. மீதி ஒன்றரையும் போட்டாத்தான் மொத்தமா ரிலீஸ் ஆவும்னு மெசேஜ் வந்துகினு இருக்கு. அதப் போட்டுடலாம். அப்பறம் அந்தாளு வூட்டுக்கே போயி நாலு அறை வுட்டு வாங்கிக்கலாம்."

"ஆழம் தெரியாம ஒரு கால வுட்டாச்சு. இன்னொரு காலையும் வுடச் சொல்றியா தம்பி?" என்று சிரித்த ஹசீனா, தன் போனிலேயே 1930-ஐ அழைத்துக் கொடுத்தாள். தஸ்லீமா விக்கி விக்கி விவரம் சொல்லி முடிக்கக் கால் மணி நேரமானது.

பிறகு, புகழ்வேந்தன் பிடித்துக் காட்டிய போனில், விற்றவருடன் நடந்த உரையாடலை ஹசீனா மேலிருந்து நிதானமாகப் படித்தாள். ஆப்பில் தஸ்லீமா வைத்திருந்த பெயர் 'ரோஜா'. விற்பவர் அனுப்பிய முதல் செய்தி: 'வணக்கம் தஸ்லீமாக்கா, நான் மாதா கோயில் கோயில்பிள்ளை. கடவுள் சந்நிதியில் மணியடித்து, விளக்கேற்றி வேலை செய்கிறவன். பயப்படாதீர்கள்.' அடுத்து, 'ஆப்பில் கமிஷன் பிடிப்பார்கள், வெளியே முடித்துக்கொண்டால் உங்களுக்கு லாபம்' என்று ஆசை காட்டியிருந்தது. பணம் போட்ட வங்கிக் கணக்கு ராமு என்ற பெயரில் இருந்தது. கேட்டதற்கு 'நண்பர்' என்று பதில்.

"கோயில்ல வேலை செய்யறவரு ஏமாத்துவாரான்னு நெனச்சேன்கா," என்றாள் தஸ்லீமா. "வீடியோ வேற அனுப்பினாரு, பாருங்க."

வீடியோவில் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் மணிக்கூண்டுக்குள் கயிற்றை இழுத்து இழுத்து மணியடித்தார். தலைக்கு மேலிருந்து எடுத்த படம். அடியில், 'இன்று பெரிய வெள்ளி, மூன்று மணி. பூசைக்கு மணியடிக்கிறேன். முடித்ததும் காயின் அனுப்புகிறேன்' என்று எழுதியிருந்தது.

சுரேஷ் துள்ளி எழுந்தான். "மேடம், இது எங்க மாதா கோயில் பவுல்ராஜ் அண்ணன்! அடப்பாவி மனுஷா! இப்பவே போயி அமுக்கிடறேன்!"

"நீ நேத்து மூணு மணிக்கு எங்க இருந்த?"

"கோயில்லதான். பெரிய வெள்ளியாச்சே."

"சரி. போயி அவர மரியாதையா கூட்டிட்டு வா. ஒரு உதவி வேணும்னு மட்டும் சொல்லு."

அரை மணியில் பவுல்ராஜ் வந்துவிட்டார். வாசலில் அவரைக் கண்டதும் தஸ்லீமா பொங்கிவிட்டாள். "சாமி பேரச் சொல்லித் திருடுறியே, நல்லாருப்பியா?"

மனிதர் பதறிப்போய்ச் சட்டைப்பையைத் துழாவினார். "இன்னாமா இது? நான் இன்னா பண்ணேன்? எனக்கு பட்டன் போனு, இதோ பாரு!"

"உக்காருங்கண்ணே," என்றாள் ஹசீனா. "தஸ்லீமா, நீயும் உக்காரு. இவரு திருடல. எங்க வூடு மாதா கோயிலுக்குப் பின்னாலதான். வருஷம் பூரா கோயில் மணி கேட்டுத்தான் கண்ணு முழிப்பேன். பெரிய வெள்ளி அன்னிக்கு மட்டும் தூங்கிடுவேன். ஏன் சுரேஷ்?"

சுரேஷ் தலையில் அடித்துக்கொண்டான். "ஐயோ! ஏசு செத்த துக்கத்துக்கு மணியே அடிக்க மாட்டாங்களே! பெரிய வியாழன் பூசையோட நிறுத்தினா, சனி ராத்திரி உயிர்ப்புப் பூசைக்குத்தான். நடுவுல மரக்கட்டையத்தான் தட்டுவாங்க. நேத்து என் காதாலயே கேட்டேனே! பெரிய வெள்ளிக்குப் பூசையும் கிடையாது, வழிபாடுதான்!"

"உன் காதுக்குக் கேட்டுது, மண்டைக்குத்தான் கேக்கல. கோயில்பிள்ளை இந்தத் தப்பப் பண்ணுவாரா? எந்தக் கிறிஸ்தவனும் பண்ண மாட்டான். வெளியாளு எவனோ பழைய வீடியோவ எடுத்து வுட்டிருக்கான். ஆனா ரொம்பத் தூரத்து ஆளும் இல்ல. ஆப்புல நீ ரோஜா. முதல் மெசேஜுலயே தஸ்லீமாக்கான்னு கூப்புட்டவன், ரோஜா யாருன்னு தெரிஞ்சவன்தான். அந்தப் பேர வெச்சுக் குடுத்தது யாரு?"

தஸ்லீமா புகழ்வேந்தன் கையிலிருந்த தன் போனைத் திரும்பிப் பார்த்தாள்.

"பவுல்ராஜண்ணே, மணிக்கூண்டு சாவி யாருகிட்ட?"

"என்கிட்டதான் பாயம்மா. யாரையும் ஏத்த மாட்டேன்."

"மேலேர்ந்து இந்தப் படத்த எடுத்தது?"

அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். மின்விசிறியை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பதுபோல அண்ணாந்து நின்றிருந்தான் புகழ்வேந்தன். "அட, தம்பி இங்கதான் இருக்குதா! இதுதான்மா. திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்ட மேல ஏறுச்சு. அண்ணே நல்லா இழுங்க, படம் எடுக்கறேன்னுச்சு. பாசமா கேக்குதேன்னு நானும் இழுத்தேன்."

புகழ்வேந்தன் வாசலைப் பார்த்தான். வாசலில் சகாய சுரேஷ் கையைக் கட்டிக்கொண்டு, இந்த நிமிஷத்துக்காகவே பிறந்தவன்போல நின்றான்.

"ராமு யாருடா?" என்றாள் ஹசீனா.

"கடையில... வேலைக்கு இருந்தவன். ஏ.டி.எம் கார்டு என்கிட்டதான் இருக்கு." அவன் குரல் கீழே போய்விட்டது. "நேத்து பேங்க் லீவு. மிஷின்ல பத்தாயிரம்தான் எடுத்தேன்."

ஹசீனாவின் போன் அடித்தது. பேசிவிட்டு அவள் நிமிர்ந்தாள். "1930-லேர்ந்துதான். மீதிய அந்தக் கணக்குலயே முடக்கிட்டாங்க. கைக்கு வரக் கொஞ்ச நாள் ஆகும், ஆனா எங்கயும் போவாது. உன்கிட்ட இருக்கற ஒன்றரையக் கடை ஓனர்கிட்ட குடுத்துத் தவணை கேளு. நானும் வந்து பேசறேன்."

"அல்லாவே!" என்று தஸ்லீமா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுகையும் சிரிப்புமாக எழுந்து பவுல்ராஜின் முன்னால் கைகூப்பினாள். "அண்ணே, வாய்க்கு வந்ததெல்லாம் பேசிட்டேன்."

"வுடும்மா. என் மூஞ்சியப் பாத்து ஒரு ஆளு ஒன்றரை லட்சம் குடுத்துச்சுன்னா, என் பொண்டாட்டி நம்பவே மாட்டா," என்றார் அவர்.

சுரேஷ் அடக்க முடியாமல் கேட்டான். "அப்ப தெரியாதவன்கிட்ட காயின் வாங்கவே கூடாதா மேடம்?"

"வாங்கறவன் வாங்கட்டும். ஆப்ப வுட்டு வெளிய வான்னு கூப்புட்டா, அங்கயே முடிச்சுக்கணும். பணம் வந்து சேர்ற வரைக்கும் காயின ஆப்புதான் புடிச்சு வெச்சிருக்கும்; வெளிய வந்தா யாரு புடிப்பா? விக்கறது பவுல்ராஜு, பணம் ராமுவுக்குன்னா அதோட வுட்டுடணும். இந்த ரெண்டும் தெரிஞ்சிருந்தா இன்னிக்கு நாம மாப்பிள்ளை விசாரிக்கப் போயிருக்கலாம்."

புகழ்வேந்தன் தஸ்லீமாவின் பக்கத்தில் வந்து நின்றான். "அக்கா, கேஸு வேணாங்கா. எடுத்ததையும் குடுத்துடறேன். நம்ம தெருப் பையன்னு வுட்டுடுங்கக்கா."

"நம்ம தெருப் பையன்னுதான்டா போனையே உன் கையில குடுத்தேன்," என்றாள் தஸ்லீமா.

அவன் கையிலிருந்த தன் போனை வாங்கிக்கொண்டாள். யாரையும் உதவிக்குக் கூப்பிடாமல் தானே எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள்.

"சார், காலையில பேசினேனே, தஸ்லீமா. ஏமாத்தினது முன்பின் தெரியாத ஆளுன்னு எழுதியிருப்பீங்க. அத அடிச்சிடுங்க சார். தெரிஞ்ச ஆளுதான். பேரு சொல்றேன், எழுதிக்குங்க."